நான்கு தட்டு வட்டிலப்பம்: எமது வீட்டு இனிப்புகளின் எழுதப்படாத வரலாறு

பெருநாள் காலையில் எங்கள் வீட்டு மேசைக்கு நான்கு தட்டு வட்டிலப்பம் வந்து சேரும். நான்கும் கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் மருதமுனைக்கும் இடைப்பட்ட சில மைல் தூரத்துக்குள் இருக்கும் சொந்தக்கார வீடுகளிலிருந்து வருபவை. ஆனால் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. பெரியம்மா வீட்டுத் தட்டு கறுத்து, உள்ளே தேன்கூடு போலத் துளை விழுந்திருக்கும். சாச்சி வீட்டில் இருந்து வருவது பொன்னிறமாக, கருக்கிய சீனியின் மெல்லிய கசப்போடு இருக்கும். மச்சி வீட்டில் பேரீச்சம்பழமும் டின்பாலும் சேர்ப்பார்கள். நான்காவது ராத்தா வீட்டுத் தட்டு. அது கரண்டி பட்டதும் வழுக்கும். அதில் பாதி முட்டைதான், மீதிக்குக் கடற்பாசி.

போன பெருநாளில் கொழும்பிலிருந்து வந்திருந்த உறவுக்காரப் பிள்ளையொன்று இந்த நான்கையும் ருசி பார்த்துவிட்டு, "இதில எது சரியான வட்டிலப்பம்?" என்று கேட்டது. யூடியூப்பில் பார்த்த செய்முறைக்கு நான்கும் ஒத்துவரவில்லையாம். எங்கள் உம்மா சிரித்துக்கொண்டு, "நாலும் சரிதான் மகள். ஒவ்வொரு ஊட்டுக்கும் ஒவ்வொரு கை" என்றார்.

அந்தக் கேள்வியும் பதிலும் என்னை விடவில்லை. 'கை' என்று உம்மா சொன்னதை நாம் கைப்பக்குவம் என்று சொல்லி, ஏதோ பிறவியில் வாய்த்த வரம் போலக் கருதி விட்டுவிடுகிறோம். ஆனால் அந்த நான்கு வீடுகளிலும் போய் "ஏன் இப்படிச் செய்யத் தொடங்கினீங்க?" என்று கேட்டபோது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காலமும் ஒரு காரணமும் இருந்தது தெரியவந்தது. எமது பிரதேசத்தின் பொருளாதார வரலாற்றையும் இடப்பெயர்வுகளையும் இழப்புகளையும் அந்தத் தட்டுகளிலிருந்து வாசிக்கலாம். அந்த வாசிப்பே இக்கட்டுரை.

பெயர் சொல்லும் செய்தி

முதலில் பெயரைப் பார்ப்போம். வட்டிலப்பம் என்பது வட்டில், அப்பம் என்ற இரண்டு தமிழ்ச் சொற்களின் சேர்க்கை எனக் கொள்வதே பொருத்தமாகத் தெரிகிறது. வட்டில் என்றால் கிண்ணம் போன்ற வட்டமான உண்கலம். நேரத்தை அளக்கப் பழந்தமிழர் பயன்படுத்திய நீர்க்கடிகைக்கு 'நாழிகை வட்டில்' என்று பெயர் இருந்ததையும் இங்கு நினைத்துக்கொள்ளலாம். ஆக, வட்டிலில் ஊற்றி ஆவியில் அவித்தெடுக்கும் அப்பம் என்பது பெயரின் பொருள்.

இது தனியான உதாரணம் அல்ல. கேரளத்தின் மலபார்க் கரையில் வாழும் மாப்பிளா முஸ்லிம்களிடம் 'பிஞ்ஞாணத்தப்பம்' என்றொரு இனிப்பு உண்டு. முட்டை மஞ்சட் கருவை நூல்நூலாகப் பாகில் ஊற்றி முட்டைமாலை செய்வார்கள். அதன்பின் எஞ்சும் வெள்ளைக்கருவைச் சீனியோடு அடித்துப் பாத்திரத்தில் ஊற்றி அவித்தால் பிஞ்ஞாணத்தப்பம். பிஞ்ஞாணம் என்பது பீங்கான் பாத்திரம். நாங்கள் 'பிங்கான்' என்று சொல்வதும் அந்தச் சொல்லின் உறவுதான். ஒரு கரையில் வட்டில், மறு கரையில் பிங்கான். இரண்டு இடங்களிலும் முட்டையை அடித்து, பாத்திரத்தோடு அவித்து, பாத்திரத்தின் பெயரையே பண்டத்துக்கும் வைத்திருக்கிறார்கள். தமிழகத்தின் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வட்டிலப்பம் இன்றும் விருந்துப் பண்டமாக இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பெயர் கடலோரத் தமிழ் முஸ்லிம்களின் பொதுச் சொத்து என்பது விளங்கும்.

எனினும் இலங்கையில் வட்டிலப்பத்தை மலாயர் கொண்டுவந்தனர் என்ற கருத்தே பரவலாகச் சொல்லப்படுகிறது. அதற்கும் நியாயம் உண்டு. முட்டை, தேங்காய்ப்பால், வெல்லம் மூன்றையும் சேர்த்து அவிக்கும் 'ஸ்ரீகாயா' மலாய் உலகெங்கும் அறியப்பட்ட இனிப்பு. ஒல்லாந்தர் 1638இல் மட்டக்களப்புக் கோட்டையையும் 1656இல் கொழும்பையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அவர்கள் ஆட்சியில் ஜாவாவிலிருந்தும் பிற தீவுகளிலிருந்தும் படைவீரர்களும் நாடுகடத்தப்பட்ட அரச குடும்பத்தினரும் இங்கு கொண்டுவரப்பட்டனர். பிரித்தானியர் காலத்தில் மலாயர் பெருமளவில் பணிபுரிந்த இலங்கை ரைபிள் படையணி 1873இல் கலைக்கப்பட்டது. அதன்பின் அவர்களிற் பலர் பொலிஸ் சேவையிலும் பிற தொழில்களிலும் சேர்ந்து நாட்டின் பல ஊர்களுக்கும் பரவினர். அவர்களோடு அவர்களின் சமையலும் பரவியிருக்கும்.

பெயர் தமிழ், செய்முறையின் உறவினர் மலாய் உலகில். இதில் ஒன்றை வைத்து மற்றொன்றை மறுக்க வேண்டிய தேவை இல்லை. வெளியிலிருந்து வந்த ஒரு பக்குவத்தைத் தம் வீட்டு வட்டிலில் ஊற்றி, தம் மொழியில் பெயரிட்டார்கள் என்றால் அதுவே முதல் 'வீட்டு மாற்றம்'. அல்லது இங்கிருந்த அவியல் அப்பமொன்று மலாயரின் கைபட்டு வளம் பெற்றிருக்கலாம். எப்படிப் பார்த்தாலும், மாற்றம் செய்யப்படாத ஒரு 'மூல' வட்டிலப்பத்தைத் தேடுவது வீண் வேலை.

கடல் வழி வந்த இனிப்புகள்

எமது ஏனைய இனிப்புகளும் இதே கதையைத்தான் சொல்கின்றன. தொதல் மலாய், ஜாவா மொழிகளின் 'டோடோல்'. அரிசிமா, தேங்காய்ப்பால், கருப்பட்டி மூன்றையும் பெரிய தாச்சியில் இட்டு மணிக்கணக்காகக் கிண்டி எடுக்கும் இப்பண்டம் ஹம்பாந்தோட்டையிலும் கீழக்கரையிலும் கோவாவிலும் புகழ்பெற்றது. எல்லாம் கடலோர ஊர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மஸ்கட் என்ற பெயரில் ஓமானின் தலைநகரமே இருக்கிறது. கோதுமை மாவைப் பிசைந்து, ஊறவைத்து, கரைத்துப் பாலெடுத்து, சீனியும் நெய்யும் சேர்த்துக் கிண்டும் அல்வா இது. தூத்துக்குடிக்கு அருகே முதலூரில் 'மஸ்கோத் அல்வா' என்று விற்கிறார்கள். அங்கே நெய்க்குப் பதிலாகத் தேங்காய்ப்பால். அந்தச் செய்முறை இலங்கையிலிருந்து போனதென்று அவ்வூரில் சொல்வார்களாம். அரபுக் கரையின் பெயர் இலங்கைக்கு வந்து, இங்கிருந்து தமிழகக் கிராமமொன்றுக்குப் போய், அங்குள்ள தேங்காயோடு சேர்ந்து வேறொரு பண்டமாகிவிட்டது.

மௌலிது மஜ்லிஸ்களிலும் கந்தூரிகளிலும் பகிரப்படும் இனிப்பைச் 'சீரணி' என்கிறோம். செரிமானத்தோடு இதற்குத் தொடர்பில்லை. இனிப்பு என்று பொருள்படும் 'ஷீரீனி' என்ற பாரசீகச் சொல்லின் தமிழ் வடிவம் அது. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகை நினைவாக நடைபெறும் கொடியேற்ற விழாவுக்குச் சிறுவயதில் போனவர்களுக்கு, கொடியை விட வழிநெடுகப் போடப்பட்டிருக்கும் மஸ்கட், தொதல் கடைகளே முதலில் நினைவுக்கு வரும். கந்தூரி பற்றி இன்று ஊரில் பல கருத்துகள் உண்டு. அவ்விவாதம் இக்கட்டுரைக்கு வெளியே. ஆனால் வீட்டில் கிண்டும் தொதலுக்கும் கடையில் வாங்கும் தொதலுக்கும் ஒப்பீடு தொடங்கியது அந்தக் கடைத்தெருவில்தான்.

14ஆம் நூற்றாண்டில் இப்பகுதிகளில் பயணம் செய்த இப்னு பதூதா, மாலைதீவில் தென்னையிலிருந்து எடுக்கும் பாணியை இந்தியா, யெமன், சீனா ஆகிய நாடுகளின் வணிகர் வாங்கிச் சென்று இனிப்புகள் செய்வதைப் பதிவு செய்திருக்கிறார். தென்னம் பாணியும் அதை வாங்கும் கப்பலும் இனிப்புச் செய்யும் கையும் இந்தக் கடலில் அறுநூறு எழுநூறு வருடங்களாகச் சந்தித்துக்கொண்டே இருக்கின்றன என்பதற்கு இது சான்று. வட்டிலப்பத்தின் மேல் நாம் துருவும் சாதிக்காயின் தாயகம் இந்தோனேசியாவின் பண்டா தீவுகள். அவற்றை ஒல்லாந்தர் 1621இல் கொடூரமான முறையில் கைப்பற்றினர். மேலே தூவும் கஜு பிரேசிலிலிருந்து போர்த்துக்கேயர் வழியாக வந்தது. ஒரு வட்டிலுக்குள் இத்தனை கரைகள்.

மலையிலிருந்து வந்த கருப்பட்டி

கடலிலிருந்து வராத ஒரு பொருள் வட்டிலப்பத்தில் உண்டு. அதுவே அதன் உயிர். கித்துள் கருப்பட்டி.

கித்துள் ஈரவலயத்துக்கும் மலைப்பாங்கான பகுதிகளுக்கும் உரிய மரம். எமது மணற் கரையில் அது வளராது. இங்கே தென்னை உண்டு, வயல் உண்டு, எருமைத் தயிர் உண்டு. கித்துள் இல்லை. ஆகவே கித்துள் வட்டிலப்பம் என்பது கரைக்கும் மலைக்கும் இருந்த உறவின் விளைவு. அந்த உறவு பழையது. போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, 1626ஆம் ஆண்டளவில் கண்டி மன்னன் செனரத் அவர்களுள் சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்பது வரலாற்று நூல்களில் பலரும் எடுத்துக்காட்டும் செய்தி. அதற்கு முன்பும் இங்கே முஸ்லிம்கள் வாழ்ந்தார்கள். கண்டி இராச்சியத்தில் பொதிமாடுகளில் சரக்கேற்றிச் செல்லும் 'தவளம்' வணிகத்தில் முஸ்லிம்கள் முன்னணியில் இருந்தார்கள். கரையிலிருந்து உப்பும் கருவாடும் புடைவையும் மேலே போயின. மலைநாட்டுப் பொருட்கள் கீழே வந்தன.

பெரியம்மா வீட்டுக் கறுத்த வட்டிலப்பம் இந்த உறவின் எச்சம். அவருடைய மாமனார் மலைநாட்டுப் பக்கம் கடை வைத்திருந்தவர். பெருநாளுக்கு ஊருக்கு வரும்போது ஓலையில் சுற்றிய கருப்பட்டி கொண்டுவருவாராம். சீனி கலக்காத கித்துள் என்பதால் நிறம் கறுப்பு. முட்டையை நன்றாக அடித்து, காற்று ஏறியபின் அவிப்பதால் துளை விழும். "கண் விழுந்தாத்தான் வட்டிலப்பம்" என்பது பெரியம்மாவின் கட்சி. எங்கள் உம்மா இதற்கு எதிர்க்கட்சி. "எங்கட ஊட்டுல முட்டைய அடிக்கிறல்ல. கையால பிசைஞ்சி, சீலையால வடிச்சி, மெல்லிய ஆவில வைக்கிற" என்பார். துளையில்லாமல் பட்டுப் போல வரும். கூடப்பிறந்த இருவருக்கும் இடையில் இவ்வளவு வித்தியாசம் ஏன் என்று கேட்டேன். பெரியம்மா தன் மாமியார் வாயால் கேட்டுத் தன் கணவருக்காக மாற்றிக்கொண்டவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. "அவருக்கு அவருட உம்மாட கைதான் வேணும். என்ன செய்ய?" என்றார்.

தாய் வீடும் கைப்பக்குவமும்

பெரியம்மாவின் அந்தப் பதில் எமது சமூக அமைப்பின் முக்கியமான ஒன்றைத் தொடுகிறது. கிழக்குக் கரையில் வீடும் வளவும் பெண் மக்களுக்கே சீதனமாகப் போகின்றன. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருகிறார். குடி என்பதும் தாய்வழியாகவே எண்ணப்படுகிறது. அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, கிழக்கிலங்கைத் தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரிடத்திலும் காணப்படும் இந்தத் தாய்வழி மரபை 2008இல் வெளியான தன் நூலில் விரிவாக விளக்கியிருக்கிறார்.

அவர் ஆய்வில் வராத ஒன்றை நாம் சேர்த்துக்கொள்ளலாம். மகள் தாயின் வளவிலேயே வாழ்வதால், அடுப்பும் உரலும் தாச்சியும் வட்டிலும் அவளுக்கே வருகின்றன. மருமகள் மாமியார் வீட்டில் புதிதாகச் சமையல் பழகும் ஊர்களில் பக்குவம் ஆண்வழி வீட்டோடு தங்கும். இங்கே அது உம்மா, மகள், பேத்தி என்று ஒரே அடுப்படியில் இறங்கி வருகிறது. எனவேதான் ஒவ்வொரு வளவுக்கும் ஒரு கை நிலைத்துவிடுகிறது. வெளியிலிருந்து வருபவர் மாப்பிள்ளை. தன் உம்மாவின் கை ருசியை நாக்கில் சுமந்துகொண்டு வருகிறார். புது வீட்டில் ஒரு மாதம் பொறுமையாகச் சாப்பிட்டுவிட்டு, "எங்கட உம்மா இதுக்கு ஏலம் கூடப் போடுவா" என்று மெதுவாகத் தொடங்குவார். மனைவி கேட்டால் மாற்றம் நடக்கும். கேட்காவிட்டால் அவர் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு உம்மா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்.

எமது பள்ளிவாசல்களில் குடி மரைக்காயர்களின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. குடி பெண்வழியில் எண்ணப்பட்டாலும் பதிவேட்டில் இருப்பவை ஆண்களின் பெயர்கள். அந்தக் குடியைச் சோறும் இனிப்பும் கொடுத்து வளர்த்த பெண்களின் அறிவு எங்கும் எழுதப்படவில்லை. 1929இலேயே ஹில்டா டியூட்ரம் தொகுத்த 'சிலோன் டெய்லி நியூஸ்' சமையல் நூல் வெளிவந்துவிட்டது. ஆனால் அது ஆங்கிலம் படித்த வீடுகளுக்கானது. எமது கரையின் நாட்டார் பாடல்களை நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் வீடுவீடாகத் தேடித் தொகுத்தார்கள். வயற்காரரின் கவிக்கும் தாய்மாரின் தாலாட்டுக்கும் கிடைத்த அந்தப் பேறு அடுப்படிக்குக் கிடைக்கவில்லை.

தட்டுப்பாடு கற்பித்த பாடங்கள்

சாச்சி வீட்டுப் பொன்னிற வட்டிலப்பத்துக்கு வருவோம். அதைப் புரிந்துகொள்ளக் கூப்பன் காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் தொடங்கிய பங்கீட்டு முறையில் அரிசியும் சீனியும் கூப்பனுக்கு வந்தன. 1970களின் நடுப்பகுதியில் நிலைமை இறுகியது. இறக்குமதிக் கட்டுப்பாடு ஒருபுறம். 1974இல் உலகச் சந்தையில் சீனி விலை வரலாறு காணாத உச்சத்துக்குப் போனது மறுபுறம். கல்லோயாத் திட்டத்தின் கீழ் எமது மாவட்டத்திலேயே, ஹிங்குராணையில், கரும்பு பயிரிட்டுச் சீனித் தொழிற்சாலையும் நடத்தினார்கள். ஆனாலும் சங்கக்கடையில் சீனிக்கு வரிசை. உள்ளங்கையில் துண்டுச் சக்கரையை வைத்துக் கடித்துக்கொண்டு வெறும் தேநீர் குடித்த காலம் அது.

அப்போது பெருநாளுக்கு என்ன செய்தீர்கள் என்று உம்மாவிடம் கேட்டேன். "கூப்பன் சீனிய மூணு மாசம் சேத்து வைச்சித்தான் பெருநாள். அதுவும் காணாட்டி தேங்காய்ப் பூவும் சக்கரையும் வைச்சிக் கொழுக்கட்டை. இரிக்கிறத வைச்சித்தான் மகள் இனிப்பு" என்றார். எருமைத் தயிருக்குக் கித்துள் பாணி ஊற்றுவது தென்னிலங்கை வழக்கம். பாணியும் சீனியும் இல்லாத வீடுகளில் கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து தயிரில் சேர்த்தார்கள். இன்றும் எங்கள் வீட்டில் ஸஹனில் சோறு முடிந்தபின் அப்படித்தான். தட்டுப்பாட்டில் பிறந்த பழக்கம் என்பதை மறந்து, அதுவே ருசி என்று ஆகிவிட்டது.

1977க்குப் பிறகு சந்தை திறந்து சீனி தாராளமாக வந்தது. ஆனால் 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளி எமது கரையின் தென்னைகளை வேரோடு சாய்த்துவிட்டது. புதுத்தென்னை காய்க்கும்வரை பல வீடுகளில் தேங்காய்ப்பால் என்பது எண்ணிப் பிழியும் பொருளாயிற்று. ஒரே தேங்காயில் முதற்பாலும் இரண்டாம் பாலும் எடுத்துக் கலந்தால் வட்டிலப்பம் இறுகாது. அதனால் முட்டையைக் கூட்டினார்கள். தேங்காய் மீண்டும் கிடைத்தபோது முட்டையைக் குறைக்காத வீடுகளும் உண்டு.

பின்னர் யுத்தகாலம். மலைநாட்டிலிருந்து வரும் பாதைகள் அடிக்கடி மூடப்பட்டன. கருப்பட்டி வராத ஒரு பெருநாளில் சாச்சி சீனியைத் தாச்சியில் போட்டுக் கருக்கி, தண்ணீர் தெளித்து, அந்தப் பாகில் வட்டிலப்பம் செய்தார். நிறம் பொன்னாக வந்தது. பிள்ளைகளுக்கு அந்த மெல்லிய கசப்புப் பிடித்துப்போனது. பாதை திறந்து கருப்பட்டி வந்தபின்னும் அவர்கள் "உம்மா, அந்தச் சீனி வட்டிலப்பம்" என்றே கேட்டார்கள். அந்தத் தட்டில் ஒரு மூடிய பாதையின் கதை இருக்கிறது.

மச்சி வீட்டுப் பேரீச்சம்பழம் வளைகுடா நாட்டின் கதை. 1970களின் பிற்பகுதியிலிருந்து எமது ஊர்களின் ஆண்களும் பெண்களும் சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் போகத் தொடங்கினார்கள். விடுமுறையில் வரும்போது பால்மாவும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்தார்கள். மச்சியின் உம்மா எட்டு வருடம் அங்கே ஒரு வீட்டில் அடுப்படி வேலை செய்தவர். திரும்பி வந்து முதல் பெருநாளில் கருப்பட்டியைப் பாதியாக்கிப் பேரீச்சம்பழத்தை அரைத்துச் சேர்த்தார். வேறு யாரோ வீட்டுக்குச் சமைத்த எட்டு வருடத்தில் பழகிய பக்குவத்தைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். இது 'ஒறிஜினல்' இல்லை என்று சொல்பவர்கள் அந்த எட்டு வருடத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ராத்தா வீட்டுத் தட்டு மிக அண்மைக்காலத்தது. 2022இல் கேஸ் இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லை. முட்டை விலை ஏறிக்கொண்டே போய், 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை வந்தது. பத்து முட்டை கேட்கும் வட்டிலப்பத்தை ஐந்து முட்டையில் எப்படிச் செய்வது? நோன்பு காலத்தில் வழக்கமாகக் காய்ச்சும் கடற்பாசி ராத்தாவுக்குக் கைகொடுத்தது. ஐந்து முட்டையைத் தேங்காய்ப்பாலிலும் கருப்பட்டியிலும் கரைத்து, மெல்லிய சூட்டில் கிண்டித் திரளவிட்டு, கடற்பாசியைக் கலந்து ஆறவைத்தார். அவிப்பதற்கு ஒரு மணி நேர விறகு தேவைப்படவில்லை. அவருடைய பிள்ளைகள் நாளை தம் பிள்ளைகளுக்கு அதையே 'எங்கட ஊட்டு வட்டிலப்பம்' என்று சொல்லிக் கொடுப்பார்கள்.

கடல் கொண்டுபோன அளவு

எங்கள் வீட்டுத் தட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

எங்கள் மூத்தம்மாவிடம் ஒரு பித்தளை வட்டில் இருந்தது. அவருக்கு அவருடைய உம்மா கொடுத்தது. வட்டிலப்பம் அதில்தான் அவியும். அதுதான் அளவுப் பாத்திரமும் கூட. தேங்காய்ப்பால் இந்தக் கோடுவரை, உடைத்த முட்டை அந்த நெளிவுவரை, கருப்பட்டி விளிம்பு தட்ட. சுண்டு, கொத்துக் கணக்கெல்லாம் அரிசிக்குத்தான். எந்தக் காகிதத்திலும் எதுவும் எழுதப்படவில்லை. எழுதவேண்டிய தேவையும் இருக்கவில்லை, வட்டிலே குறிப்பேடு.

2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்தது. இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரை கடலோர வீடுகளில் எத்தனை குடும்பங்கள் முழுதாகப் போயின என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மனித இழப்புக்கு முன்னால் பாத்திரத்தைப் பற்றிப் பேசுவது அற்பம் என்றுதான் பல வருடங்களாக நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் உயிர்கள் தப்பின, அல்ஹம்துலில்லாஹ். அடுப்படி போயிற்று. வட்டில் போயிற்று.

அடுத்த பெருநாளுக்கு உதவியாகக் கிடைத்த அலுமினியச் சட்டியில் உம்மா வட்டிலப்பம் செய்தார். இறுகவில்லை. அதற்கடுத்த முறை கல்லாகிவிட்டது. "அந்த வட்டில் போனதோட அளவும் போயிட்டு மகள்" என்று சொல்லி அன்றைக்குத்தான் அழுதார். அவர் அழுதது வட்டிலப்பத்துக்காக அல்ல என்பது எனக்குத் தெரியும். பல பெருநாட்கள் கூட்டியும் குறைத்தும் பார்த்து ஒரு புது அளவுக்கு வந்தார். மூத்தம்மாவின் வட்டிலப்பம் அதுவல்ல. பின்பு உம்மாவுக்குச் சீனி வருத்தம் வந்தது. கருப்பட்டியை மூன்றில் ஒரு பங்கு குறைத்தோம். ருசி குறையாதிருக்க ரம்பைத் துண்டை அவிக்கும் தண்ணீரில் போட்டேன். மலாய்ச் சமையலில் ஸ்ரீகாயாவுக்கும் ரம்பை சேர்ப்பார்கள் என்று பின்னர் வாசித்து வியந்தேன். தெரியாமலே ஒரு பழைய பாதையில் கால் வைத்திருக்கிறேன்.

இப்போது செய்யவேண்டியது

இதுவரை பக்குவம் மாறியதற்கெல்லாம் காரணம் இருந்தது. மாற்றியவளுக்கு அந்தக் காரணம் தெரிந்திருந்தது. இன்று இரண்டு விடயங்கள் இதைக் குலைக்கின்றன.

ஒன்று, வீட்டின் அமைப்பு. சுனாமிக்குப்பின் கடலோரத்திலிருந்து விலக்கிக் கட்டப்பட்ட வீட்டுத்திட்டங்களில் பலருக்கு வளவு இல்லை. தொதல் கிண்டுவதற்கு விறகடுப்பும் பெரிய தாச்சியும் மாறி மாறிக் கிண்ட நான்கு பேரும் வேண்டும். மாடி வீட்டுக் கேஸ் அடுப்பில் அது நடக்காது. மகளுக்குக் கொடுக்கப் பக்கத்து வளவும் இல்லை. தாய்வழி அடுப்படித் தொடர்ச்சி அறுந்துவருகிறது. இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் தொதல் இனிக் கடைச் சரக்காகவே இருக்கும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மற்றது, 'சரியான செய்முறை' என்ற எண்ணம். கைத்தொலைபேசியில் ஒரு வீடியோவைப் பார்த்து இளம்பெண்கள் சமைப்பதில் தவறில்லை. நானும் பார்க்கிறேன். ஆனால் அந்த வீடியோவை வைத்து உம்மாவின் கையைப் பிழை என்று சொல்லும்போது நாம் இழப்பது ஒரு ருசியை மட்டுமல்ல. ஏன் சீனி கருக்கப்பட்டது, ஏன் முட்டை குறைந்தது, ஏன் பேரீச்சம்பழம் வந்தது என்ற காரணங்களையும் சேர்த்தே இழக்கிறோம். அந்தக் காரணங்களே எமது வரலாறு.

ஆகவே என் வேண்டுகோள் எளிமையானது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கொப்பி போடுங்கள். செய்முறையை மட்டும் எழுத வேண்டாம். இதை யாரிடமிருந்து கற்றீர்கள், எதை மாற்றினீர்கள், எந்த ஆண்டளவில், ஏன் என்பதையும் எழுதுங்கள். பாத்திரத்தால் அளப்பவர்கள் அந்தப் பாத்திரத்தை ஒருமுறை சுண்டாலோ கிராமாலோ அளந்து குறித்துவையுங்கள். பாத்திரம் போனாலும் அளவு மிஞ்சும். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி இன்று ஒலுவிலில் இயங்கும் எமது தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் இதை ஓர் ஆய்வுக் களமாக எடுத்துக்கொள்ளலாம். நாட்டார் பாடல்களைத் தொகுத்தது போல அடுப்படி வரலாற்றையும் தொகுக்கலாம். எழுபது வயதைத் தாண்டிய பெண்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். பொறுக்கக் காலம் இல்லை.

நான் எங்கள் வீட்டுக் கொப்பியைத் தொடங்கிவிட்டேன். உம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். எத்தனை முட்டை என்று கேட்டேன். ஒன்பது என்றார். சற்று யோசித்து, "மூத்தம்மா எத்தினை போட்டாவோ தெரியா. அதையும் எழுது" என்றார். எழுதினேன்.